கண்ணும் கருவியும்: ஹென்றி கார்த்தியே பிரெஸோன்

கார்த்திகைத் தீபத் திருநாளில் பொம்மிடியிலிருந்தும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்வோர் பலர். சேர்வராயன் மலையைப் பார்த்தே வளர்ந்த கண்களுக்கு அண்ணாமலை அயலான மலையன்று. பொம்மிடி சேலம் மாவட்டத்திலும் திருவண்ணாமலை வடஆர்க்காடு மாவட்டத்திலும் அடங்கியிருந்த 1950ஆம் ஆண்டின் சித்திரைத் தொடக்கத்தில், அம்மலையடிவாரத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர் சில நாள்கள் தங்கியிருந்தார். உயரமான உருவம், அமைதியான நடை, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சிறு புகைப்படக் கருவி. இருபதாம் நூற்றாண்டின் புகைப்படக் கலைக்கு இலக்கணம் வகுத்தவர் என உலகம் போற்றும் ஹென்றி கார்த்தியே பிரெஸோன் அவர்.

தாம் புகைப்படக் கலைஞர் என்பதைவிட ஓவியர் என்றே எண்ணிக்கொண்டவர். தம் முகம் படமாவதை விரும்பாதவர். புகழின் உச்சியில் கருவியை ஒதுக்கி வைத்துவிட்டுப் பென்சிலைக் கையில் எடுத்தவர். அவருடைய வாழ்வை, அவர் கையாண்ட கருவியை விலக்கிவிட்டு எழுத இயலாது. வெண்பாவை அறியாமல் வெண்பாப் புலவனை அறிய முடியாதது போன்றதே இதுவும்.

நூலாலைக் குடும்பத்தின் மூத்த மகன்

பிரெஸோன் 1908ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் பாரிஸ் நகரை அடுத்த சாந்தலூ என்னும் சிற்றூரில் பிறந்தார். தையல் நூல் உற்பத்தியில் பெரும்பொருள் ஈட்டிய குடும்பம் அது. ஐந்து மக்களுள் மூத்தவரான அவர் தொழிலை ஏற்று நடத்துவார் எனத் தந்தை எதிர்பார்த்தார். மகனுடைய மனமோ ஓவியத்தில் தோய்ந்திருந்தது. ஓவியராக இருந்த சிற்றப்பா ஒருவரின் ஓவியக்கூடத்தில் சிறுவனாக அவர் நுகர்ந்த எண்ணெய் வண்ண மணம் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. அந்தச் சிற்றப்பா முதல் உலகப் போரில் உயிர்நீத்தார்.

பள்ளியிறுதித் தேர்வில் மும்முறை தோல்வியுற்றார் என்பது அவர் வாழ்வின் சுவையான செய்திகளுள் ஒன்று. 1927ஆம் ஆண்டு ஆந்த்ரே லோத் என்னும் ஓவிய ஆசிரியரிடம் மாணவராகச் சேர்ந்தார். ஒரு சட்டகத்துக்குள் கோடுகளும் உருவங்களும் வெற்றிடங்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டிய முறையை லோத் கணக்காசிரியரைப் போலக் கண்டிப்புடன் கற்பித்தார். மாலை வேளைகளில் கனவு மெய்ம்மைவாதக் கவிஞர்கள் கூடிய காப்பிக் கடைகளில் ஓரமாக அமர்ந்து அவர்தம் பேச்சைக் கேட்டார். லோத் கற்பித்த ஒழுங்கும் அக்கவிஞர்கள் போற்றிய தற்செயலும் ஒன்றுக்கொன்று பகை. அப்பகை தீர்ந்து இரண்டும் கைகோத்த இடமே பிரெஸோனின் புகைப்படக் கலை.

ஒரு படம் தந்த திருப்பம்

1930ஆம் ஆண்டு வாக்கில் அவர் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டுக்குச் சென்றார். அங்கு வேட்டையாடி, அதன் வருவாயில் வாழ்ந்தார். கடுங்காய்ச்சல் தாக்கிச் சாவின் வாயில்வரை சென்று மீண்டார். பிரான்சுக்குத் திரும்பி உடல் தேறிவந்த நாள்களில் ஓர் இதழில் வெளிவந்திருந்த படம் அவர் கண்ணில் பட்டது. ஹங்கேரி நாட்டுக் கலைஞர் மார்ட்டின் முங்காச்சி எடுத்தது அது. டாங்கனீக்கா ஏரியின் அலைக்குள் மூன்று கறுப்பினச் சிறுவர்கள் ஓடிப் பாய்கிறார்கள், அவ்வளவே. ஓடும் காலத்தை அதன் ஓட்டம் குன்றாமலே நிறுத்தி வைக்க முடியும் என்பதை அப்படம் அவருக்கு உணர்த்தியது. 1932ஆம் ஆண்டு மார்செய் நகரில் அவர் ஒரு லைகா கருவியை வாங்கினார். அன்று தொடங்கிய உறவு அரை நூற்றாண்டை நெருங்கி நீடித்தது.

கருவியின் இலக்கணம்

லைகா பிறந்த வரலாறும் சுருக்கத்தின் வரலாறே. ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் எர்னஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த ஆஸ்கர் பார்னாக் என்னும் பொறியியலறிஞர் ஆஸ்துமா நோயாளி. கண்ணாடித் தகடுகளும் முக்காலியுமாகச் சுமக்க வேண்டியிருந்த அக்காலக் கருவிகள் அவர் மூச்சுக்கு ஒவ்வாதவை. திரைப்படத்துக்கு வழங்கிய 35 மில்லிமீட்டர் படச்சுருளையே எடுத்து, அதன் கட்டத்தை இருமடங்காக்கி, 24க்கு 36 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு படம் பதியும் கருவியை 1914ஆம் ஆண்டளவில் அவர் உருவாக்கினார். போரும் பொருளாதார நெருக்கடியும் குறுக்கிட்டமையால் 1925ஆம் ஆண்டு லைப்சிக் கண்காட்சியில்தான் அது விற்பனைக்கு வந்தது. ஒரு சுருளில் 36 படங்கள். சட்டைப்பைக்குள் அடங்கும் உருவம்.

1932ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் வகை லைகாவில் தூரமானி கருவியுடன் இணைந்தது. ரேஞ்ச்ஃபைண்டர் என வழங்கும் இவ்வமைப்பு, மனிதனுக்கு இரு கண்கள் இருப்பதன் பயனை ஒத்தது. கருவியின் முகப்பில் இடைவெளி விட்டு இரு சிறு சாளரங்கள் உண்டு. ஒன்றின் வழியே வரும் காட்சி நேராகவும் மற்றொன்றின் வழியே வரும் காட்சி உள்ளே திருப்பப்பட்டும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. அங்கே ஒரு முகம் இரு முகமாகத் தெரியும். லென்சின் வளையத்தைத் திருப்பத் திருப்ப அவ்விரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். எப்போது இரண்டு ஒன்றாகிறதோ அப்போது அம்முகத்துக்கு லென்ஸ் கூர்மை பெற்றுவிட்டது என்பது பொருள். தொடக்கக் கால லைகாக்களில் தூரம் பார்க்க ஒரு துளை, சட்டகம் பார்க்க ஒரு துளை என இரண்டு அருகருகே இருந்தன. 1954ஆம் ஆண்டு வந்த எம்3 வகையில் இரண்டும் ஒரே சாளரமாயின. படத்தின் எல்லை ஒளிக்கோடாக அச்சாளரத்துக்குள் தெரிந்தது.

இவ்வமைப்பின் சிறப்புகள் மூன்று. முதலாவது, அமைதி. பிற்காலத்தில் பரவலான எஸ்.எல்.ஆர். கருவிகளில் உள்ளே ஓர் ஆடி உண்டு. பொத்தானை அழுத்தும்போது அது மேலெழுந்து ஓசை எழுப்பும். தூரமானிக் கருவியில் ஆடி இல்லை. துணித் திரை ஒன்று மெல்ல நகரும் ஓசைதான். இரண்டாவது, இடையறாப் பார்வை. ஆடி மேலெழும் கணத்தில் எஸ்.எல்.ஆர். கருவியின் சாளரம் இருண்டுவிடும்; எடுப்பவர் தாம் எடுக்கும் கணத்தையே காண்பதில்லை. தூரமானிக் கருவியில் பார்வை மறைவதில்லை. மூன்றாவது, எல்லைக்கு அப்பாலும் காணும் வசதி. எம்3இல் 50 மில்லிமீட்டர் லென்சுக்குரிய ஒளிக்கோட்டுக்கு வெளியிலும் காட்சி சிறிது தெரியும். சட்டகத்துக்குள் இன்னும் நுழையாத மனிதனை, அவன் நுழையுமுன்பே கண்டுகொள்ளலாம். செய்யுளில் சொல்லாது விடப்பட்டுக் குறிப்பாய் நிற்பதை எச்சம் எனத் தொல்காப்பியம் ஓர் உறுப்பாகவே வகுத்தது. படத்துக்கு வெளியே விடப்படுவதையும் அறிந்தே படம் எடுக்கச் செய்யும் இக்கருவிக்கு அவ்விலக்கணம் பொருந்தும்.

குறைகளும் உண்டு. பார்க்கும் சாளரம் வேறு, படம் பிடிக்கும் லென்ஸ் வேறு ஆதலின், மிக அருகிலுள்ள பொருளுக்கு இரண்டின் பார்வையும் சற்றே மாறுபடும். பூவின் மகரந்தத்தையோ தொலைவிலுள்ள பறவையையோ பிடிக்க இது ஏற்றதன்று. லென்சின் மூடியைக் கழற்ற மறந்தால் சாளரம் அதனைக் காட்டிக்கொடுக்காது. சுருள் முழுவதும் இருளே பதியும். அடித்தட்டைக் கழற்றிப் படச்சுருளைக் கீழிருந்து செலுத்தும் வேலைக்குப் பழகிய விரல்கள் வேண்டும். மனிதனோடு மனிதன் பேசும் தொலைவுக்கென அமைந்த கருவி இது எனலாம்.

பிரெஸோன் தமக்கென மேலும் சில விதிகளைச் சேர்த்துக்கொண்டார். பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையே பயன்படுத்தினார். கருவியின் பளபளப்பான உலோகப் பகுதிகளைக் கறுப்பு ஒட்டுநாடாவால் மறைத்தார். ஃப்ளாஷ் விளக்கை அறவே விலக்கினார். வெளிச்சத்தைப் பெரும்பாலும் கண்ணாலேயே மதிப்பிட்டார். எடுத்த படத்தை அச்சிடும்போது ஓரங்களை வெட்டக்கூடாது என்பது அவர் வகுத்த விதிகளுள் கடுமையானது. சட்டகம் கண்ணால் தீர்மானிக்கப்பட வேண்டும்; கத்தரியால் அன்று. பாரிஸ் சேன் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் தேங்கிய நீரை ஒரு மனிதர் தாண்டும் 1932ஆம் ஆண்டுப் படம் இவ்விதிக்கு விலக்கு. வேலிப் பலகைகளின் இடுக்கு வழியே எடுத்ததால் ஓரத்தில் பலகை மறைத்துவிட்டது. அதனை வெட்ட நேர்ந்தது. அவர் படங்களுள் மிகப் பெரும்புகழ் பெற்றது விதியை மீறிய அப்படம்தான். யாப்பைப் பேணிய புலவனின் மிகச்சிறந்த பாட்டில் ஒரு தளை தட்டி நிற்பது போன்ற விந்தை இது.

தம் படைப்பைத் தாமே களையவும் அவர் தயங்கவில்லை. உலகப் போர் நெருங்கிய 1939ஆம் ஆண்டில் தம் பழைய நெகட்டிவ்களைத் தேர்ந்து, வேண்டாதவற்றை அழித்து, எஞ்சியவற்றை ஒரு பிஸ்கோத்துத் தகரப் பெட்டியில் பாதுகாத்தார். இன்று அவருடைய தொடக்கக் காலப் படைப்பாக உலகம் காண்பது அந்தச் சிறு பெட்டிக்குள் அடங்கியதே.

மண்ணில் புதைந்த லைகா

1937ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு விழாவைப் படமெடுக்க ஓர் இதழ் அவரை அனுப்பியது. அவர் மன்னரை எடுக்கவில்லை; மன்னரைக் காணத் தெருவோரம் திரண்ட மக்களையே எடுத்தார். அவ்வாண்டிலேயே ஜாவா நாட்டு நடனக் கலைஞர் இரத்னா மோகினியை மணந்தார். பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் ழான் ரெனுவாருக்கு உதவியாளராகவும் பணியாற்றினார்.

போர் மூண்டபின் படையில் சேர்ந்த பிரெஸோன், 1940 ஜூன் மாதம் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். பிடிபடுமுன் தம் லைகாவை வோஸ்ழ் மலைப்பகுதியின் பண்ணை நிலத்தில் புதைத்துவிட்டிருந்தார். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறை முகாம்களில் கடின உழைப்பு. இருமுறை தப்ப முயன்று பிடிபட்டார். மூன்றாம் முறை, 1943ஆம் ஆண்டில் தப்பினார். பின்னர் அந்நிலத்துக்குச் சென்று புதைத்த கருவியைத் தோண்டி எடுத்தார். முதிய ஓவியர் மத்தீஸைப் புறாக்களின் நடுவே காட்டும் புகழ்பெற்ற படம் அதற்கடுத்த ஆண்டில் உருவானதாகும்.

1947ஆம் ஆண்டு ராபர்ட் காப்பா, டேவிட் சீமோர், ஜார்ஜ் ரோட்ஜர் முதலிய நண்பர்களுடன் சேர்ந்து மேக்னம் என்னும் கூட்டுறவு அமைப்பை நிறுவினார். எடுத்த படத்தின் உரிமை எடுத்தவருக்கே என்பது அதன் அடிப்படைக் கொள்கை. பணிக்களங்களைப் பங்கிட்டபோது பிரெஸோனுக்கு வாய்த்தது ஆசியா. அவ்வாண்டிலேயே இரத்னாவுடன் இந்தியா வந்தார்.

தில்லி, 1948 ஜனவரி 30

நேருவின் தங்கை கிருஷ்ணா ஹத்தீசிங்கிடம் இரத்னாவுக்கு இருந்த நட்பால் பல கதவுகள் திறந்தன. 1948 ஜனவரி 30 பிற்பகல் பிர்லா மாளிகையில் காந்தியடிகளைச் சந்திக்கும் வாய்ப்பும் கிடைத்தது. நியூயார்க் கலைக்கூடத்தில் அதற்கு முந்தைய ஆண்டு நடைபெற்ற தம் கண்காட்சியின் நூலைப் பிரெஸோன் அடிகளிடம் காட்டினார். பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிய அடிகள், பிரெஞ்சுக் கவிஞர் போல் குளோதல் சவ வண்டியொன்றைப் பார்த்து நிற்கும் படத்தில் நெடுநேரம் நின்று அதன் பொருளை வினவினார். பிரெஸோன் விடைபெற்றுச் சென்ற சிறிது நேரத்தில், மாலை வழிபாட்டுக்கு நடந்து சென்ற அடிகள் சுடப்பட்டார்.

திரும்பி ஓடிவந்த பிரெஸோன் அன்றிரவு முழுவதும் பணியாற்றினார். மாளிகை வாயிலின் மேலேறி நின்று நேரு மக்களுக்கு அச்செய்தியை அறிவிக்கும் படம் தெளிவற்றது. தெருவிளக்கின் மங்கிய ஒளி, அசையும் உருவங்கள். ஃப்ளாஷ் விளக்கு இருந்திருந்தால் படம் தெளிவாகியிருக்கும்; அந்த இரவு பொய்யாகியிருக்கும். அதே இரவில் அமெரிக்கக் கலைஞர் மார்கரெட் பூர்க்-ஒயிட், அடிகளின் உடல் கிடத்தப்பட்ட அறையில் ஃப்ளாஷைப் பயன்படுத்த, துயரில் இருந்தோர் சினந்து அவரது படச்சுருளை நீக்கிவிட்டனர். இராட்டையருகே அமர்ந்த காந்தியைப் படமெடுத்துப் பெரும்புகழ் பெற்ற தேர்ந்த கலைஞர் அவர். துயரின் நடுவே நிற்பவனுக்கு நுழைவுச் சீட்டு எது என்பதை அவ்விரவு காட்டியது.

அருணையில்

இரண்டு ஆண்டுகள் சீனம், இந்தோனேசியா முதலிய நாடுகளில் ஆட்சி மாற்றங்களைப் படமாக்கிய பின் பிரெஸோன் மீண்டும் இந்தியா வந்தார். 1950 ஏப்ரலில் மனைவியுடன் திருவண்ணாமலையை அடைந்தார். இரமணர் அப்போது நோயின் இறுதிக் கட்டத்தில் இருந்தார். இடக்கையில் தோன்றிய புற்றுக்கு முந்தைய ஆண்டில் நான்கு அறுவைகள் நடந்தும் பயனில்லை. தம்மைக் காணவந்தோரைத் தடுக்கவேண்டாம் என்பதே அவர் விருப்பமாக இருந்ததால், இறுதிநாள்வரை மக்கள் வரிசையாகச் சென்று அவரைக் கண்டனர்.

அவ்வரிசையின் நடுவே ஒரு வெளிநாட்டவர் படக்கருவியுடன் நிற்பது முறையா என்னும் வினா எழாமல் இராது. இறப்பின் அருகில் நிற்கும் ஞானியின் முகம் ஊராரின் பார்வைக்குரிய பொருளா? இதற்கு விடை அவர் நடந்துகொண்ட முறையில்தான் தேடத்தக்கது. மறைவுக்கு முந்தைய நாள்களில் எடுத்த படங்களில் இரமணரின் முகத்தில் கூச்சமும் இல்லை, காட்சிக்கென வந்த பாவனையும் இல்லை. ஓசையற்ற கருவியும் தம்மை மறைத்துக்கொள்ளத் தெரிந்த மனிதரும் சேர்ந்தாலன்றி அத்தகைய படம் வாய்க்காது. மெலிந்த அவ்வுடலும் மெலியாத அப்பார்வையும் இன்றும் நம் கண்முன் நிற்கின்றன.

1950 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 8.47 மணிக்கு, வெளியே அடியார்கள் அக்ஷரமணமாலை பாடிக்கொண்டிருக்க, இரமணர் மறைந்தார். அந்நேரம் தம் இருப்பிடத்தில் இருந்த பிரெஸோன், வானில் நீண்ட ஒளிவாலுடன் ஒரு விண்மீன் தெற்கிலிருந்து மெல்ல நகர்ந்து அருணாசல உச்சியை அடைந்து மறைவதைக் கண்டார். உடனே கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரமத்துக்கு விரைந்தார். மறைந்த நேரமும் அதுவே என அறிந்தார். அவ்வொளியை வேறிடங்களிலிருந்தோரும் கண்டனர். நாளிதழ்களிலும் செய்தி வந்தது. தற்செயல் என்பாரும் தெய்வச் செயல் என்பாரும் தத்தம் வழியில் அதனைக் கொள்வர். கவிதைக்கு வேண்டிய உண்மை வேறு. கணத்தைப் பிடிப்பதில் உலகில் நிகரற்றவர் எனப் பெயர்பெற்ற ஒருவர், தம் வாழ்வில் கண்ட பெரும் கணம் ஒன்றைக் கண்ணால் மட்டுமே கண்டார். அவ்வொளி படமாக நமக்குக் கிடைக்கவில்லை. அவர் சொன்ன சொல்லாகவே கிடைத்திருக்கிறது. மறுநாள் அவர் கருவி பதிவுசெய்தவை, திரண்ட மக்களும் அடக்கச் சடங்கும் ஆகும்.

அம்மாத இறுதியில் அவர் புதுச்சேரி சென்றார். பல்லாண்டுகளாகத் தம்மைப் படமெடுக்க இசையாதிருந்த அரவிந்தர், பிரெஸோனுக்கு இசைந்தார். தம் அறையில் நாற்காலியில் அசையாது அமர்ந்திருந்த அவரைச் சில நிமிடங்கள் மட்டுமே படமெடுத்தார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் அரவிந்தரும் மறைந்தார். மதுரையில் அதே ஆண்டு எடுத்த மற்றொரு படமும் குறிப்பிடத்தக்கது. எலும்பு துருத்திய குழந்தையை மடியில் ஏந்திய தாய். அருகே ஒரு வண்டிச் சக்கரம். சக்கரத்தின் ஆரங்களும் குழந்தையின் விலா எலும்புகளும் கண்ணில் ஒன்றாகி நெஞ்சைச் சுடுகின்றன. ஞானியர் முன் காட்டிய அதே அமைதியையும் கவனத்தையும் பசியின் முன்பும் அவர் காட்டினார். அழகிய வடிவத்தில் துன்பத்தைக் காட்டலாமா என்று கேட்பவர் உண்டு. வறுமையைப் பாடும் கவிஞர் ஒவ்வொருவரும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுவே.

ஒரு தலைப்பின் கதை

1952ஆம் ஆண்டு பாரிஸில் தெரியாத் என்னும் பதிப்பாளர், மத்தீஸ் வரைந்த அட்டையுடன், பிரெஸோனின் பெருநூலை வெளியிட்டார். அதன் பிரெஞ்சுத் தலைப்பு, உரிமமின்றித் தெருவோரத்தில் அவசரமாக விற்று ஓடுவதைக் குறிக்கும் வழக்குத்தொடரிலிருந்து பிறந்தது. போகிற போக்கில் கவர்ந்த படங்கள் என அதனைத் தமிழில் கொள்ளலாம். ஆங்கிலப் பதிப்போ தீர்மானமான கணம் எனப் பொருள்படும் பெயருடன் வந்தது. உலகெங்கும் நிலைத்தது ஆங்கிலப் பெயரே. தெருவோரத் திருட்டுத்தனத்தின் பணிவு மறைந்து, தீர்ப்பளிக்கும் மிடுக்கு வந்து சேர்ந்தது. மொழிபெயர்ப்பு ஒரு கலைஞனுக்கு வேறொரு முகத்தையே தந்துவிட முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. ஓவியர் பிராக் அவருக்கு அளித்த, வில்வித்தையையும் ஜென்னையும் பற்றிய சிறு நூல் அவரை ஆழ்ந்து பாதித்தது. எய்பவன் தன்னை மறந்தால்தான் அம்பு இலக்கை எய்தும் என்னும் அக்கருத்து, மிடுக்குக்கு முற்றிலும் மாறானது.

இந்தியாவைப் பற்றிய அவருடைய படங்கள் 1987ஆம் ஆண்டு தனிநூலாக வெளிவந்தன. அதற்கு முன்னுரை எழுதியவர் சத்யஜித் ராய் என்பது இந்திய வாசகருக்கு மகிழ்வூட்டும் செய்தியாகும்.

துறந்த கருவி

1967ஆம் ஆண்டு இரத்னாவுடனான மணவாழ்வு முறிந்தது. 1970ஆம் ஆண்டு புகைப்படக் கலைஞர் மார்ட்டின் ஃபிராங்கை மணந்தார். அதன்பின் சில ஆண்டுகளில் தொழிலாகப் படமெடுப்பதைப் படிப்படியாக நிறுத்திவிட்டு, இளமையில் விட்ட ஓவியத்துக்குத் திரும்பினார். லைகா பெட்டியில் உறங்கியது. எப்போதாவது நண்பரின் முகத்துக்காகவோ இயற்கைக் காட்சிக்காகவோ வெளியே வந்தது. ஓவியத்தில் அவருக்குப் புகைப்படத்தில் கிட்டிய புகழ் கிட்டவில்லை. அதனை அறிந்தும் அவர் வரைந்துகொண்டே இருந்தார். 2003ஆம் ஆண்டு பாரிஸில் அவர் பெயரிலான அறக்கட்டளை திறக்கப்பட்டது. 2004 ஆகஸ்டு 3ஆம் நாள், தென் பிரான்சில், 96ஆம் வயது நிரம்பச் சில நாள்களே இருக்கையில் மறைந்தார்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் படக்கருவி உண்டு. 36 படங்களோடு சுருள் தீர்ந்துவிடும் என்னும் அச்சம் இல்லை. எடுத்தபின் வெட்டலாம், திருத்தலாம், ஒளியேற்றலாம். வசதிகள் பெருகியதைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் இரு உருவங்கள் ஒன்றாகும்வரை வளையத்தைத் திருப்பிக் காத்திருந்த அந்த விரலின் பொறுமை, கருவியோடு மறைந்துபோக வேண்டிய ஒன்றன்று. சொல்லும் பொருளும் இரண்டாகத் தெரியும்வரை எழுதுகோலை அசைத்துக்கொண்டே இருப்பதும், இரண்டும் ஒன்றான கணத்தில் நிறுத்திவிடுவதும் கவிஞர் பணியே.

தீபத்தன்று அண்ணாமலை உச்சியில் சுடர் எழும்போது ஆயிரமாயிரம் கருவிகள் ஒருசேர மேலெழுகின்றன. அம்மலையின்மேல் ஓர் ஒளி மறைந்த இரவில், உலகின் தேர்ந்த படக்கலைஞர் ஒருவர் கண்ணால் மட்டும் கண்டு, நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு நடந்தார்.